வந்தது யாராலோ, செலவு விவசாயிக்கு

புதிதாக ஒரு பூச்சியோ களையோ ஒரு நாட்டுக்குள் நுழைந்துவிட்டது என்று செய்தி வந்தால் எல்லோரும் முதலில் கேட்பது, எத்தனை ஏக்கர் போச்சு, எத்தனை கோடி நஷ்டம் என்பதைத்தான். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் அதற்கு வரும் பதில் பாதிக் கதையைக்கூடச் சொல்லாது. வெள்ளமும் வறட்சியும் ஒரு பருவத்தை அடித்துவிட்டுப் போய்விடும், அடுத்த பருவத்தில் பழையபடி விதைக்கலாம். வெளியிலிருந்து வந்து பரவும் உயிரினம் அப்படிப் போகாது, தங்கிவிடும். தங்கிய நாளிலிருந்து சாகுபடிக் கணக்கில் ஒரு செலவு கூடும், அதை அப்புறம் லேசில் குறைக்க முடியாது. போதாக்குறைக்கு, அதைக் கொண்டுவந்தவர் ஒருவர், அதற்குப் பணம் கட்டுபவர் வேறொருவர்.

மொத்தக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். பல்லுயிர் பற்றி அரசுகளுக்கு அறிவியல் மதிப்பீடு தரும் ஐபிபிஇஎஸ் என்ற சர்வதேச அமைப்பு 2023-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மனித நடவடிக்கைகளால் இடம் மாறி வேறு பகுதிகளில் நிலைத்துவிட்ட உயிரினங்கள் 37,000-க்கும் மேல், அவற்றில் சேதம் விளைவிப்பவை என்று சான்று உள்ளவை 3,500-க்கும் மேல். 2019-ல் இவற்றால் உலகத்துக்கு ஆன செலவு 42,300 கோடி டாலரைத் தாண்டியது, 1970 முதல் ஒவ்வொரு பத்தாண்டிலும் இந்தத் தொகை குறைந்தது நான்கு மடங்காகி வந்திருக்கிறது. இதில் விவசாயம் மட்டுமில்லை, காடு, மீன்வளம், சுகாதாரம் எல்லாமே சேர்த்தி. எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது அதே அறிக்கையில் உள்ள இன்னொரு விகிதம்: மொத்தச் செலவில் 92 சதவீதம் நேர்ந்துவிட்ட சேதம், தடுக்கவும் கட்டுப்படுத்தவும் செலவழித்தது வெறும் 8 சதவீதம். இத்தனைக்கும் இது யாரோ எங்கேயோ பதிவு செய்துவைத்த செலவு மட்டும்தான். வீட்டுச் சாப்பாட்டுக்கென்று விதைத்த மக்காச்சோளம் பாதியாகக் குறைந்தால் அது எந்தச் சந்தைக்கும் வருவதில்லை, எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறுவதில்லை.

சரி, ஒரு பூச்சியைக் கிட்டே போய்ப் பார்ப்போம். மக்காச்சோளத்தை முக்கியமாகத் தாக்கும், அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளைச் சேர்ந்த படைப்புழு 2016-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் கண்டறியப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் சகாராவுக்குத் தெற்கே கிட்டத்தட்ட எல்லா நாடுகளிலும் பரவி, 2018-ல் இந்தியா, 2019 தொடக்கத்தில் சீனா, 2020-ல் ஆஸ்திரேலியா என்று போய்க்கொண்டே இருந்தது. அந்துப்பூச்சியாக இருக்கும்போது காற்றோடு சேர்ந்து ஒரே இரவில் 100 கிலோமீட்டர்கூடப் பறக்கக்கூடியது, ஒரு பெண் பூச்சி தன் ஆயுளில் ஆயிரம் முட்டைக்கு மேல் இடும், ஆகவே எல்லையில் சோதனைச் சாவடி வைத்து நிறுத்தக்கூடிய ஆசாமி இல்லை இது.

மக்காச்சோளப் பயிர் முழங்கால் உயரம் வந்த சமயத்தில் வயலுக்குள் இறங்கினால் முதலில் தெரிவது இலைகளில் காகிதம் போல வெளுத்த சின்னத் திட்டுகள். பச்சையத்தை மட்டும் சுரண்டித் தின்றுவிட்டு மெல்லிய தோலை விட்டுவைப்பது இளம்புழுவின் வேலை. சில நாள் கழித்துப் போனால் அந்தத் திட்டுகள் கிழிந்த ஓட்டைகளாகியிருக்கும், குருத்துக்குள் ஈர மரத்தூள் மாதிரி எச்சம் குவிந்திருக்கும். குருத்தை விரித்தால் உள்ளே பெரும்பாலும் ஒரே ஒரு கொழுத்த புழுதான் இருக்கும், ஏனென்றால் வளரும்போது அவை ஒன்றையொன்று தின்றுவிடும். தலையில் ஆங்கில ஒய் எழுத்தைக் கவிழ்த்த மாதிரி வெளிர்கோடு, வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள் இருந்தால் சந்தேகமே வேண்டாம். மேலே குவிந்திருக்கும் எச்சம்தான் அதற்குக் கூரை, அதைத் தாண்டி மருந்து உள்ளே இறங்குவது கஷ்டம். மருந்து நன்றாக வேலை செய்வது புழு பொடியாக இருக்கும் முதல் சில நாட்களில், அப்போதோ அது கண்ணிலேயே படாது. கண்ணில் படும் அளவுக்கு வளர்ந்தபின் அடிக்கும் மருந்தில் பாதி வீண், அதனால் இன்னொரு முறை, அப்புறம் இன்னொரு முறை. மருந்து விலை, தெளிக்க ஆள்கூலி, தண்ணீர், தினமும் வயலைச் சுற்றிவரும் நேரம், எல்லாமே அறுவடைக்கு முன்னால் கையிலிருந்தோ கடனாகவோ போகிற காசு. மகசூல் கடைசியில் குறையாமலே போனாலும் இந்தக் காசு திரும்பி வராது.

இதே படைப்புழு விஷயத்தில் இன்னொரு பாடமும் உண்டு, அதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். 2017-ல் சபி என்ற சர்வதேச விவசாய ஆய்வு அமைப்பு, எதுவும் செய்யாமல் விட்டால் 12 ஆப்பிரிக்க நாடுகளில் மட்டும் ஆண்டுக்கு 83 லட்சம் முதல் 2 கோடியே 6 லட்சம் டன் வரை மக்காச்சோளம் போகும் என்று மதிப்பிட்டது. பண மதிப்பில் 250 கோடி முதல் 620 கோடி டாலர். பெரும்பாலும் விவசாயிகளே சொன்ன சேத அளவை வைத்துப் போட்ட கணக்கு இது. பிறகு ஜிம்பாப்வேயில் வயல்களில் அளந்து பார்த்த ஓர் ஆய்வு சராசரி இழப்பு 12 சதவீதத்துக்குள் என்றது. விவசாயிகள் பொய் சொல்லவில்லை. இலைச் சேதம் பார்க்கக் கொடூரமாக இருக்கும், அது அத்தனையும் கதிரில் இறங்குவதில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பயத்தில் அரசுகள் மருந்தை மொத்தமாக வாங்கி விநியோகித்தன, சிறு விவசாயிகள் கையுறைகூட இல்லாமல் தெளித்தார்கள், புழுவைத் தின்னக்கூடிய உள்ளூர்க் குளவிகளும் வண்டுகளும் சேர்ந்தே செத்தன. பூச்சி பிடுங்கியதைவிடப் பயம் பிடுங்கியது அதிகம் என்று சொல்லக்கூடிய வயல்கள் நிச்சயம் இருந்திருக்கும்.

நஷ்டம் எப்படிப் பங்காகிறது என்பது அடுத்த சங்கதி. ஒரு நாடு முழுக்க மகசூல் குறைந்தால் விலை ஏறும், ஆகவே விவசாயிக்குக் குறைந்த அளவுக்குக் கொஞ்சம் கூடுதல் விலையாவது கிடைக்கும், சுமையில் ஒரு பகுதி வாங்குபவர் தலைக்குப் போகும். பூச்சி ஒரு வட்டாரத்தில் மட்டும் இருந்தாலோ, அந்தப் பொருள் தாராளமாக இறக்குமதியாகிற சரக்காக இருந்தாலோ, விலை அசையாது. அப்போது அந்த வட்டாரத்துக்காரர் குறைந்த மூட்டையைப் பழைய விலைக்கே விற்க வேண்டும், பக்கத்து மாவட்டத்துக்காரர் லாபத்தோடு உட்கார்ந்திருப்பார். தேசிய அளவில் பார்த்தால் சின்ன நஷ்டம்தான், ஆனால் அந்தச் சின்ன நஷ்டம் முழுக்க ஒரு சில ஆயிரம் குடும்பங்கள் மேல் இறங்கியிருக்கும். சராசரிக் கணக்கில் இது தெரியவே தெரியாது.

ஏற்றுமதியை நம்பியிருப்பவர்களுக்குப் பூச்சி எதையும் தின்ன வேண்டியதுகூட இல்லை, இருந்தாலே போதும். 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்தையும் நான்கு காய்கறி வகைகளையும் தடை செய்தது, பழ ஈ உள்ளிட்ட பூச்சிகள் பெட்டிகளில் தொடர்ந்து வந்ததுதான் காரணம். மாம்பழத்துக்கான தடை 2015 தொடக்கத்தில்தான் நீங்கியது. நம் தோட்டத்தில் காலங்காலமாக இருக்கும் ஈ அவர்களுக்கு வேண்டாத விருந்தாளி. பூச்சியே இல்லாத தோட்டத்துக்காரருக்கும் அந்த வருடம் அந்தச் சந்தை மூடித்தான் இருந்தது. சந்தை திறந்த பிறகும் வெந்நீர்ச் சிகிச்சை, ஆய்வு, சான்றிதழ் என்று ஒவ்வொரு பெட்டிக்கும் செலவு ஏறிவிடுகிறது, அது இறங்குவதே இல்லை.

நிரந்தரச் செலவு என்று நான் சொல்வதற்கு ஆகப் பழைய உதாரணம் திராட்சை. 1860-களில் வட அமெரிக்காவிலிருந்து வந்த திராட்சைக் கொடிகளோடு பைலாக்சரா என்ற கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவுள்ள பூச்சி பிரான்ஸுக்கு வந்து சேர்ந்தது. வேரில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும், வேர் அழுகும், கொடி சாகும். 1875-ல் 845 கோடி லிட்டராக இருந்த பிரான்ஸின் ஒயின் உற்பத்தி 1889-ல் 234 கோடி லிட்டருக்கு வந்தது. மருந்து கண்டுபிடிப்பவருக்கு 3 லட்சம் பிராங்க் பரிசு என்று அரசு அறிவித்துப் பார்த்தது. கடைசியில் கைகொடுத்தது பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரின் மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டுவது. (இது குணப்படுத்துவது இல்லை, வராமல் தடுப்பது மட்டும்தான் என்று காரணம் சொல்லிப் பரிசைக் கொடுக்காமலே விட்டார்கள்!) 150 ஆண்டு ஓடிவிட்டது. இன்றைக்கும் உலகின் பெரும்பாலான இடங்களில் புதுத் திராட்சைத் தோட்டம் போடுகிறவர் ஒட்டுக் கன்றுக்குக் காசு கொடுத்துத்தான் தொடங்க வேண்டும். அந்தப் பூச்சியைக் கொண்டுவந்த கப்பல்காரரின் பெயர்கூட யாருக்கும் தெரியாது.

சில இடங்களில் செலவு கூடுவதோடு நிற்காமல் தொழிலே சரிந்துவிடுகிறது. அமெரிக்காவின் புளோரிடாவில் 1998-ல் ஆசிய சில்லிட் பூச்சி வந்தது, 2005-ல் அது பரப்பும் சிட்ரஸ் கிரீனிங் என்ற பாக்டீரியா நோய் கண்டறியப்பட்டது. 2003-04 பருவத்தில் 24 கோடி பெட்டி ஆரஞ்சு விளைந்த மாநிலத்தில் 2022-23-ல் 1.6 கோடி பெட்டிகூட முழுதாக வரவில்லை. புயல்களுக்கும் இதில் பங்கு உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை, ஆனால் அடித்தளத்தை அரித்தது நோய்தான். தோட்டம் குறையக் குறைய சாறு பிழியும் ஆலைக்குப் போதுமான பழம் கிடைக்காது, ஆலை மூடும். ஆலை மூடினால் மிச்சமிருக்கும் நல்ல தோட்டக்காரருக்கும் பழத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க இடமிருக்காது. பறிக்கும் ஆட்கள், லாரி, நாற்றுப் பண்ணை என்று ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். அதற்குப் பிறகு நோய்க்கு மருந்தே வந்தாலும் அந்தத் தொழில் பழைய அளவுக்குத் திரும்பி வருவது சந்தேகம்.

களைகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, பார்த்தீனியத்தைப் பார்க்காதவர் கிடையாது. மெக்சிகோ பக்கத்துச் செடி, பல நாடுகளுக்கு இறக்குமதித் தானியத்தோடு வந்ததாகவே கருதப்படுகிறது. பயிரோடு போட்டி போடும், தொட்டால் தோலில் அரிப்பு, மேய்ந்த மாட்டின் பாலில் கசப்பு. இதன் செலவு பெரும்பாலும் கைக்களை எடுப்பவர்களின் உழைப்பாகத்தான் போகிறது, அந்த உழைப்பு குடும்பத்துப் பெண்களுடையது என்றால் அதற்குக் கணக்கே எழுதப்படுவதில்லை.

இப்போது நல்ல செய்தி ஒன்று. 1970-களில் தென் அமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்த மரவள்ளி மாவுப்பூச்சி கோடிக்கணக்கானவர்களின் அன்றாட உணவையே ஆட்டம் காணவைத்தது, சில இடங்களில் 80 சதவீதம் வரை இழப்பு. அந்தப் பூச்சி தன் பிறந்த மண்ணில் ஏன் இத்தனை ஆட்டம் போடவில்லை என்று தேடியபோது 1981-ல் பராகுவேயில் விடை கிடைத்தது: அனகைரஸ் லோபெசி என்ற பொடிக் குளவி. மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும், குஞ்சு அதை உள்ளிருந்தே தின்று வெளியே வரும். நைஜீரியாவில் இயங்கும் சர்வதேச வெப்பமண்டல விவசாய நிறுவனம் அந்தக் குளவியை வளர்த்து வயல்களில் விட்டது, தானாகவே பரவி இரண்டு டஜனுக்கும் மேற்பட்ட நாடுகளில் நிலைத்தது. விவசாயி ஒரு காசு கொடுக்கவில்லை, மருந்து வாங்கவில்லை. செலவான ஒவ்வொரு டாலருக்கும் 149 டாலர் பலன் என்று 1988-ல் ஒரு கணக்கு வெளிவந்தது. திட்டத்தை நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே மாவுப்பூச்சி 2008-ல் தாய்லாந்துக்குள் வந்தபோது அதே குளவியைக் கூட்டிவந்தார்கள், அங்கேயும் வேலை செய்தது.

இத்தனை லாபம் தரும் வேலையைத் தனியார் ஏன் செய்வதில்லை? ஒருமுறை விட்டால் தானாகப் பெருகும் குளவியை யாரிடம் போய் விற்பது? வருடாவருடம் வாங்க வேண்டிய மருந்துக்குக் கடை உண்டு, முகவர் உண்டு, கடனும் கிடைக்கும். குளவிக்கு அரசுப் பணம்தான் ஒரே வழி, அது இருக்கும் இடத்தில் நடக்கிறது, இல்லாத இடத்தில் நடப்பதில்லை. சோதிக்காமல் எதையாவது கொண்டுவந்து விடுவதும் இதற்கு எதிர்ப்பக்க ஆபத்து. கரும்பு வண்டைத் தின்னட்டும் என்று 1935-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் விட்ட தேரை வண்டை ஒன்றும் செய்யவில்லை, தானே பெரும் தொல்லையாகிப்போனது. அதே மாநிலத்தில் 1926-ல் விட்ட கேக்டோபிளாஸ்டிஸ் அந்துப்பூச்சியோ, பல லட்சம் ஹெக்டேர் நிலத்தை விழுங்கியிருந்த சப்பாத்திக்கள்ளியைச் சில ஆண்டுகளில் தின்று தீர்த்தது. ஆனால் அந்த அந்துப்பூச்சியே பிற்பாடு கரீபியன் தீவுகள் வழியாகப் புளோரிடாவுக்கு வந்து, கள்ளியைப் பயிராகச் சாகுபடி செய்யும் மெக்சிகோவுக்குத் தலைவலியானது. 2006-ல் மெக்சிகோவின் ஒரு சிறு தீவில் அது தென்பட்டபோது, பெருநிலத்துக்குத் தாவுவதற்குள் அந்த நாடு அதை அங்கேயே ஒழித்துக்கட்டியது.

பணம் கட்டுவது யார் என்ற வழக்கு நீதிமன்றத்துக்கே போயிருக்கிறது. 1980-களில் கென்யாவில் பாலைவனமாவதைத் தடுக்கவென்று வெளிநாட்டு உதவியோடு சீமைக் கருவேல இனத்தை நட்டார்கள். அது பாரிங்கோ பகுதி மேய்ச்சல் நிலத்தையே மூடியது, அதன் இனிப்பான நெற்றுகளைத் தின்ற ஆடுகளுக்குப் பல் போனது. 2006-ல் அந்தப் பகுதி மக்கள் பல்லில்லாத ஓர் ஆட்டை நைரோபி நீதிமன்றத்துக்கே கூட்டிவந்து அரசு மேல் வழக்குப் போட்டார்கள். சிரிப்பாக இருக்கலாம், ஆனால் அதைவிடத் தெளிவான சாட்சி வேறென்ன? இதில் இன்னொரு சிக்கல், அதே மரத்தை வெட்டிக் கரி சுட்டுப் பிழைப்பவர்களும் அங்கே உருவாகிவிட்டார்கள், இப்போது ஒழிக்கலாம் என்றால் அவர்கள் வயிறு கேள்வி கேட்கும்.

நியூசிலாந்தில் கொஞ்சம் பெரிய தொகை. கிவிக் கொடிகளைக் கொல்லும் பிஎஸ்ஏ பாக்டீரியா 2010 நவம்பரில் டெ புகே பகுதியில் கண்டறியப்பட்டது. நல்ல விலைக்குப் போய்க்கொண்டிருந்த தங்க நிற ரகம்தான் மோசமாக அடி வாங்கியது, கொடிகளை வெட்டிவிட்டு வேறு ரகத்துக்கு மாற வேண்டியிருந்தது. 2009-ல் சீனாவிலிருந்து மகரந்தச் சரக்கை இறக்குமதி செய்ய அரசு அனுமதித்ததால்தான் நோய் வந்தது என்று தோட்டக்காரர்கள் 45 கோடி நியூசிலாந்து டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். 2018-ல் உயர் நீதிமன்றம் அரசு கவனக்குறைவாக நடந்தது என்றது, 2020-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசுக்குப் பொறுப்பில்லை என்று அதை மாற்றியது, 2021-ல் 4 கோடி டாலருக்குச் சமரசமானது. வசதியான, நன்றாக அமைப்பாகச் சேர்ந்த விவசாயிகளுக்கே கேட்டதில் பத்தில் ஒரு பங்கும் தேறவில்லை.

அதனால் பணத்தை எங்கே போட வேண்டும் என்பதில் பெரிய குழப்பம் இல்லை, முன்னாலேயே. கப்பலில் வரும் மரப்பெட்டிகளை உள்ளே 56 டிகிரி வெப்பம் 30 நிமிடம் இருக்கும்படி சூடாக்கி முத்திரை குத்த வேண்டும் என்று ஒரு சர்வதேச விதி இருக்கிறது, பார்க்கச் சலிப்பான விதி, ஆனால் மரத்துக்குள் ஒளிந்து வரும் வண்டுகளுக்கு வாசலை அடைப்பது அதுதான். அதையும் தாண்டி வந்துவிட்டால் முதல் சில வாரங்களில் கண்டுபிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2022 ஜூனில் தேனீக்களை ஒட்டிக்கொல்லும் வர்ரோவா உண்ணியைத் துறைமுகக் கண்காணிப்புப் பெட்டியிலேயே பிடித்தார்கள், ஆயிரக்கணக்கான தேன்கூடுகளை அழித்தும் பார்த்தார்கள், 2023 செப்டம்பரில் முடியாது என்று கைவிட்டார்கள். அப்படிக் கண்காணிக்கிற நாட்டிலேயே இது நடக்கும்.

முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் விவசாயிதான். அவர் ஏன் சொல்ல வேண்டும்? சொன்னால் அதிகாரிகள் வந்து தோட்டத்தை அழிப்பார்கள், சுற்றுவட்டாரம் முழுக்க விற்பனைத் தடை விழும், ஊரே அவரைத் திட்டும். சும்மா இருந்தால் இந்தப் பருவத்தையாவது ஓட்டிவிடலாம். அந்த மௌனத்தில் போகிற ஒரு மாதம்தான் ஒழிக்கக்கூடிய பூச்சியை ஒழிக்க முடியாத பூச்சியாக மாற்றுகிறது. ஆஸ்திரேலியாவில் 2005-லிருந்து இதற்கு ஓர் ஒப்பந்தம் வைத்திருக்கிறார்கள். பூச்சி வருவதற்கு முன்பே செலவுப் பங்கு எழுதப்பட்டிருக்கும்: பொதுநலனைப் பாதிக்கும் வகை என்றால் முழுச் செலவும் அரசுக்கு, ஒரு பயிர்த் தொழிலை மட்டும் பாதிக்கும் என்றால் 80 சதவீதம் அந்தத் தொழிலுக்கு, இடையில் இரண்டு படிகள். ஒழிப்புத் திட்டத்துக்காகப் பயிரை அழிக்க நேர்ந்தவருக்கு இழப்பீடும் அதில் உண்டு. ஆனால் கையெழுத்துப் போட ஒரு தொழில் அமைப்பு இருக்கிற பயிருக்குத்தான் இது பொருந்தும். அரை ஏக்கரில் வீட்டுக்கென்று மக்காச்சோளம் போடுபவரின் சார்பில் கையெழுத்துப் போட எந்தச் சங்கமும் இல்லை, அவர் வயலில் முதல் புழுவைப் பார்த்தால் சொல்வதற்கு ஒரு தொலைபேசி எண்கூடப் பல நாடுகளில் இல்லை.